அப்பன் முகம் பார்க்காதவள்

டெல்சி பிறப்பதற்கு ஏழு வாரம் முன்னால் அவள் அப்பா ஆர்லி சுரங்கத்துக்குள் கூரை விழுந்து செத்துப்போனார். அம்மா வெர்டிக்கு அப்போது இருபது வயது. ரேவன் ஓடைப் பக்கம் அப்படி அப்பன் போன பிறகு பிறந்த பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று தங்கவில்லை. இன்னொன்று மிச்சிகன் பக்கம் பிழைக்கப் போய்விட்டது. எஞ்சியவள் டெல்சி ஒருத்திதான்.

அப்பன் முகம் பார்க்காத பிள்ளைக்கு எங்கள் மலையில் ஒரு வேலை உண்டு. கைக்குழந்தைக்கு வாயில் வெள்ளை பூத்து, பால் குடிக்க முடியாமல் வீரிட்டு அழுதால், அப்படிப்பட்ட ஆளிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த ஆள் குழந்தையின் வாய்க்குள் மூன்று தடவை ஊத வேண்டும். அதே மாதிரி தொடர்ந்து மூன்று காலை. கூலி வாங்கக் கூடாது. கொண்டுவந்தவர்கள் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. டெல்சி நாலு வயதில் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று முதல் குழந்தைக்கு ஊதினாள். அதற்குப் பிறகு அவள் ஊதாத குடும்பம் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்றே சொல்லலாம்.

ஆர்லிக்குப் போட்டோ என்று இருந்தது ஒன்றே ஒன்று. படத்தில் பார்த்தாலும் பார்த்ததுதான், பிறகு ஊதினாலும் பலிக்காது என்று வெர்டியின் மாமியார் வழியில் யாரோ சொல்லிவிட்டார்கள். வெர்டி அதை ஒரு மாவுப்பைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். பிள்ளை எந்த நேரம் உள்ளே ஓடி வருமோ என்று பயந்து அவளும் அதை வெளியே எடுத்ததில்லை. முப்பத்தெட்டு வருஷமாகிவிட்டது.

டெல்சி வாழ்க்கைப்பட்டது கேஹார்ட் குடும்பத்தில், ஹோபர்ட்டுக்கு. அவனும் சுரங்கக்காரன்தான். பத்தொன்பது வருஷம் நிலக்கரி வெட்டியதில் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. நாற்பத்தொரு வயதில் மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தூசி நோய்க்கான உதவித்தொகைக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டான். இரண்டு தடவையும், இது தூசியால் வந்ததல்ல, சிகரெட்டால் வந்தது என்று பதில் வந்தது.

"நான் எங்க சிகரெட் குடிச்சேன்? பொயல மென்னவன். அப்ப எனக்குப் பல்லுல இல்ல தூசி நோய் வந்திருக்கணும்" என்றான் ஹோபர்ட்.

சிலிண்டர் வந்துகொண்டிருந்தது கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில். அந்த வருஷங்களில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஹோபர்ட்டின் கம்பெனியும் மூடியது. இன்ன வருஷம் ஜூன் முப்பதோடு அட்டை செல்லாது என்று கடிதம் வந்தது. கடிதத்தைப் படித்த அன்றைக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. பள்ளத்தாக்கில் குடும்பத்துக்கும் சேர்த்து அட்டை கொடுக்கும் வேலை வேறு எதுவும் இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையைத் தவிர. டெல்சி பத்தாம் வகுப்போடு நின்றவள். நின்ற படிப்புக்கு ஈடான பரீட்சையை எழுதித் தேறி, நாற்பத்திரண்டு மைல் தள்ளி இருந்த சமுதாயக் கல்லூரியில் நர்சிங் படிப்புக்கு எழுதிப் போட்டாள். இரண்டு வருஷப் படிப்பு. நிறைய அவகாசம் இருப்பதாகத்தான் அப்போது தோன்றியது.

இடம் கிடைக்கவே எட்டு மாதம் காத்திருந்தாள். இரண்டாவது செமஸ்டரில் மருந்துக் கணக்கில் ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்தாள். அந்தக் கணக்கில் இருந்த ஆள் காகித நோயாளிதான், ஆனாலும் பத்து மடங்கு மருந்தில் செத்திருப்பான். தொண்ணூறு வாங்க வேண்டிய இடத்தில் எண்பத்தெட்டு. வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு தடவை மட்டும் திரும்பச் சேரலாம், இன்னொரு தடவை தவறினால் அந்தக் கல்லூரிக் கதவு பிறகு திறக்காது என்பது சட்டம். ஒரு வருஷம் காத்திருந்து, ஸ்கூல் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுக் கழுவி, திரும்பச் சேர்ந்தாள். இப்போது கடைசி செமஸ்டர். மார்ச் மாதம். மே மாதம் முடித்தால், பிறகு மாநிலப் பரீட்சை, பிறகு வேலை. ஜூன் முப்பதுக்கும் அதற்கும் இடையில் எத்தனை நாள் இடிக்கும் என்று அவள் நாள்காட்டியைப் பார்த்துப் பார்த்து அந்தத் தாளே நைந்துவிட்டது.

சமையலறை அலமாரிக் கதவுகள் முழுக்க மருந்துப் பெயர் எழுதிய அட்டைகளை ஒட்டியிருந்தாள். பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது ஹோபர்ட் நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொன்றாகக் கேட்பான். பெயர் அவன் வாயில் நுழையாது.

"அந்தக் கழுத வாயன் பேரு மருந்து எதுக்கு?"

"எந்தக் கழுத?"

"அந்த மூணாவது அட்ட. படிக்கிறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது, நீயே பாத்துக்க."

முதல் வருஷம் நெஞ்சுச் சத்தம் கேட்கப் பழகியது அவன் முதுகில்தான். புத்தகத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகப் போட்டிருந்த கெட்ட சத்தங்கள் அத்தனையும் அந்த ஒரு முதுகில் இருந்தன. நல்ல சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்க அவள் வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"என்ன கேக்குது?" என்றான் ஹோபர்ட், திரும்பாமல்.

"மூச்சுதான்."



அந்த மார்ச்சில் ஹோபர்ட்டுக்கு மூச்சு முட்டி, கல்லூரிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி வார்டுக்கு இரண்டு நாள் போக முடியாமல் டெல்சி விடுப்பு எடுத்துவிட்டாள். மூன்றாவது நாள் விடுப்பு எடுத்தால் செமஸ்டரே போய்விடும். அடுத்த திங்கட்கிழமை அவளுக்குத் தொண்டை கரகரத்தது. தொண்டை சரியில்லாதவர்கள் குழந்தைகள் வார்டில் கால் வைக்கக் கூடாது, முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டெல்சி சொல்லவில்லை. இருமல் மாத்திரையை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை காலை அவளுக்கு ஒப்படைத்த கட்டிலில் கிடந்தது ரோண்டாவின் குழந்தை. ரோண்டா ஹோபர்ட்டின் அக்காள் மகள், பத்தொன்பது வயது. ஐந்து வாரப் பிள்ளை. வாயெல்லாம் வெள்ளை பூத்து, பால் இறங்காமல், உடம்பில் நீர் வற்றி முந்தின நாள் சேர்த்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் நிறுத்தி உட்கார்ந்திருந்தாள் ஹோபர்ட்டின் அக்காள் நோவலீன். கேஹார்ட் குடும்பத்தில் எல்லாருக்கும் மூச்சு குறைவு, அவளுக்கு மட்டும் அதிகம் என்று ஹோபர்ட்டே சொல்வான்.

"ஏண்டி டெல்சி, வெள்ளை உடுப்பு மாட்டினதும் எங்கள அடையாளம் தெரியலையா?"

"தெரியுது அண்ணி. வேலையா இருக்கேன்."

"இதவிட என்ன வேலை? புள்ளையப் பாரு."

"அத்தை, அவன் நேத்துலேந்து ஒரு வாய் குடிக்கல" என்றாள் ரோண்டா. அவளும் தூங்கியிருக்கவில்லை, முகம் வீங்கியிருந்தது.

"சொட்டு மருந்து எழுதியிருக்காங்க. மத்தியானத்துக்குள்ள வந்துரும்."

"மத்தியானமா" என்றாள் நோவலீன். "இவ பொறந்தப்ப இவ வாயில நீதான் ஊதின. அப்ப நீ கல்யாணமாகாத பொண்ணு, ரெண்டு ஜடை போட்டுக்கிட்டு வந்த. இப்ப இவ புள்ளைக்கு மத்தியானம் வரைக்கும் நிக்கணுமா. உங்கப்பன நீ இன்னும் பாக்கல இல்ல?"

"பாக்கல."

"அப்புறம் என்ன."

குழந்தை அழுதது. சத்தம் கூட வரவில்லை, வாய் மட்டும் திறந்தது. திறந்த வாய்க்குள் தயிர்த் துணுக்கு ஒட்டியது மாதிரி வெள்ளை. இத்தனை வருஷமும் அப்படித் திறந்த வாயைப் பார்த்தால் அவள் உடம்பு தானாகக் குனிந்துவிடும். அன்றைக்கும் குனிந்தது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். மூன்று தடவை ஊதினாள். மூன்றாவது ஊதலின் முடிவில் அடக்கி வைத்த இருமல் வந்துவிட்டது.

நிமிர்ந்தபோது வாசலில் டாக்கெட் அம்மாள் தட்டோடு நின்றார்.

டாக்கெட் அம்மாள் அவளுக்கு வார்டில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. இரண்டு மலை முகடு தாண்டிப் பிறந்தவர். வெர்டியின் அத்தை ஒருத்தி அவர்கள் குடும்பத்தில்தான் வாழ்க்கைப்பட்டாள். டெல்சிக்கு அது தெரியும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கல்லூரியில் அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. அங்கே அவர் யாரையும் நீ என்று சொல்ல மாட்டார்.

வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "தொண்டை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"திங்கக்கெழமலேந்து."

"நீங்க சொல்லல."

"சொல்லல, மேடம்."

ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து அவள் தொண்டையில் தடவிக் குழாயில் போட்டு மூடினார். "வீட்டுக்குப் போங்க. நாளைக்கிப் பத்து மணிக்குக் கல்லூரிக்கு வாங்க. உடுப்பு வேண்டாம், சாதாரணமா வாங்க."

உடுப்பு வேண்டாம் என்றால் என்ன என்று டெல்சிக்குப் புரிந்தது. நாற்பத்திரண்டு மைலும் லாரிகளுக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஒன்றைக்கூட முந்தவில்லை. வீட்டுக்குப் போய் ஹோபர்ட்டிடம் என்ன சொல்வது என்று தெரியாததால் அவசரமில்லாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த துறைத் தலைவர் சமவெளிப் பக்கத்து மனிதர், மரியாதையான ஆள்.

"குழந்தையோட வாய்க்குள்ள ஊதியிருக்கீங்க. சரிதானா?"

"சரிதான் சார்."

"எதுக்கு?"

டெல்சி சொன்னாள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லி விளக்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அதைச் சொல்லிப் பழக்கமே இல்லை. சொல்லச் சொல்ல அது அவள் காதுக்கே வேறு யாருடைய கதையோ மாதிரிக் கேட்டது. அவர், 'தந்தையைப் பார்க்காததால்' என்று எழுதினார். எழுதியதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடித்தார்.

"நேத்து சாயங்காலம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் நூத்திரெண்டு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. 

"விதிப்படி இன்னைக்கே உங்கள வெளிய அனுப்பலாம். இது ரெண்டாவது தடவை, அதனால திரும்ப வர முடியாது. டாக்கெட் மேடம் திங்கட்கிழமை வரைக்கும் அவகாசம் கேக்குறாங்க."

டாக்கெட் அம்மாள் அதுவரை பேசாமல் இருந்தார். இப்போது பேசியபோது அவர் குரலே மாறி, மலைப்பேச்சு வந்தது.

"டெல்சி, இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடுன்னா நீ குடுத்துருவ. நானும் நம்பிருவேன். ஆனா அவங்க வருவாங்க. நீ இந்த வார்டுல நர்ஸா நின்னா ரேவன் ஓடை பூராவும் புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கதான் வந்து நிக்கும். அப்ப உன் நாத்தனா மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்லுவியா? ஒவ்வொரு தடவையும்?"

டெல்சி வாயைத் திறந்தாள். சொல்லுவேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் தொண்டையை மறைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அது எங்கே கொண்டு வந்து விட்டது என்று பார்த்துவிட்டாள்.

"தெரியல மேடம்" என்றாள்.

"திங்கக்கெழம ஒம்பது மணிக்கு வந்து தெரிஞ்சதச் சொல்லு."

வீட்டுக்கு வந்தபோது டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. நோவலீன்.

"காய்ச்சல் வந்துருச்சு, தெரியுமில்ல? ஒத்தக் காலையோட பாதியில விட்டுட்டுப் போனா என்ன ஆகும்? மூணு காலை வேணும்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"என்னைய வார்டுக்குள்ள விட மாட்டாங்க அண்ணி."

"விட மாட்டாங்களா, நீ வர மாட்டியா?"

கல்லூரியின் கணக்கில், அவள் ஊதியதால் காய்ச்சல் வந்தது. நோவலீன் கணக்கில், அவள் ஊதாமல் விட்டதால் வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரப் பிள்ளை ஒன்று கிடந்தது. சனிக்கிழமை முழுக்க டெல்சி வீட்டுக்குள் இருக்க முடியாமல் வண்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். அதில் கைக்குழந்தைக் காய்ச்சல் என்ற பக்கத்தை விரித்து, குழந்தைகள் எதனால் எல்லாம் சாகும் என்ற வரிசையை மறுபடி மறுபடி படித்தாள். அவள் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட வரிசைதான். ஹோபர்ட் குழாயின் நீளம் எட்டுகிற மட்டும் வந்து கதவில் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் டாக்கெட் அம்மாளே கூப்பிட்டார். காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தையின் ரத்தத்தில் இதுவரை எந்தக் கிருமியும் முளைக்கவில்லை. டெல்சியின் தொண்டையிலும் கெட்ட கிருமி இல்லை, வெறும் சளி.

"அப்ப என்னால இல்லையா மேடம்?"

"சளியும் ஒட்டும். உன்னாலயா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியப் போறதில்ல. நர்ஸுன்னா அதோடதான் இருக்கணும்."

ஞாயிறு சபை முடிந்த கையோடு அவர்கள் வந்துவிட்டார்கள். முதலில் நோவலீன், பின்னால் போர்வைக்குள் குழந்தையோடு ரோண்டா. காலையில்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வெர்டி முற்றத்துக்கு அந்தப் பக்கம் சின்ன வீட்டில் இருந்தவள், வண்டிச் சத்தம் கேட்டு இவர்களுக்குப் பின்னாலேயே வந்தாள். மேசையில் சோள ரொட்டி வெட்டாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரியில முடியாதுன்ன. சரி, இது உன் வீடு" என்றாள் நோவலீன். "இங்க யாரு வந்து பாக்கப் போறா? நடுவுல விட்டுப்போனாலும் பரவால்ல, இன்னைக்கி ஒண்ணு, நாளைக்கி ஒண்ணு. முடிஞ்சுபோச்சு."

"மருந்து குடுத்தாங்களா ரோண்டா?"

ரோண்டா பைக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். மூடி திறக்கவே இல்லை. "அம்மாதான் ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னாங்க" என்றாள்.

டெல்சி குழந்தையைப் பார்த்தாள். வார்டில் கொடுத்த மருந்தில் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் கன்னத்தின் உட்புறம் இன்னும் வெள்ளை. இன்றைக்கு இவள் மறுத்தால் பாட்டில் திறக்காமலேயே வேறு ஊதுகிறவர்களைத் தேடி எந்த ஓடைக்கோ போவார்கள். இவள் ஊதினால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த மேசைக்கு முன்னால் நின்று என்ன சொல்வாள்? அதற்குப் பிறகு வரப்போகும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வாள்? மாட்டேன் என்றால் மனசில்லாதவள். முடியாது என்றால்தான் விடுவார்கள்.

"அம்மா, அந்தப் போட்டோவ எடுத்துட்டு வா" என்றாள்.

வெர்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"எந்தப் போட்டோவ?"

"எத்தன போட்டோ இருக்கு நம்மகிட்ட."

"ஏண்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?" என்றாள் நோவலீன். "உங்கப்பன் உனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதாண்டி. வீடா, நிலமா, வேற என்ன இருக்கு?"

ஹோபர்ட் எழுந்து நிற்கப் பார்த்தான், முடியாமல் உட்கார்ந்தான். "டெல்சி. எனக்காகப் பண்ணாத. என் மூச்சுக்காக உங்கப்பனத் தொலைக்காத."

"நான் அவரக் கண்டதே இல்லையே ஹோபர்ட், தொலைக்கிறதுக்கு."

  வெர்டி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முற்றத்தைத் தாண்டிப் போனாள். போனவள் வர வெகு நேரமாயிற்று. நோவலீன் இரண்டு தடவை கிளம்பிவிடலாம் என்றாள், ஆனால் கிளம்பவில்லை.

வெர்டி மாவுப்பைத் துணியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தாள். துணியில் அச்சடித்த பூக்கள் மடிப்பில் மட்டும் நிறமாக இருந்தன. டெல்சி கையைக் கழுவினாள். வார்டில் கழுவுவது மாதிரி முழங்கை வரைக்கும் கழுவினாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. துடைத்துவிட்டுத் துணியைப் பிரித்தாள்.

சுரங்க வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்கும் படம். எல்லாரும் கல் மாதிரி நிற்கிறார்கள், முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு ஆள் மட்டும் படம் எடுக்கிற நேரத்தில் தலையைத் திருப்பியிருக்கிறான். தொப்பி தெரிகிறது, ஒரு காது தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல்.

"எது?" என்றாள் டெல்சி, தெரிந்துகொண்டே.

வெர்டி விரலை வைத்தாள்.

 முப்பத்தெட்டு வருஷம் பெட்டியைப் பூட்டிக் காத்தது இதற்குத்தான். நோவலீன் எட்டிப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"இதுல மூஞ்சியே இல்லையே. இது பாத்ததுல சேராது. டெல்சி, நீ பாக்கல. எங்கன்னாலும் வந்து சொல்றேன், இது பாத்ததுல சேராது."

ரோண்டா குழந்தையை முன்னால் நீட்டினாள்.  கடைசியாக இருந்த வாசலும் இப்படி இருக்கிறது என்று டெல்சிக்குத் தோன்றியது. அடைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

வெர்டி படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவளும் அதைப் பார்த்து அத்தனை வருஷமாகிறது.

"சேரும்" என்றாள்.

"அத்தை, நல்லாப் பாருங்க, மூஞ்சி எங்க இருக்கு" என்றாள் நோவலீன்.

"எனக்குச் சொல்லாத நோவலீன். நீ அவரப் பாத்ததில்ல. அந்த மனுஷன் ஒரு எடத்துல நின்னதே கெடையாது. சபையில ஜெபம் பண்றப்பக்கூட நிக்க மாட்டாரு. படம் புடிக்கிற ஆளு நில்லுன்னா இவரு நிப்பாராக்கும்." விரலால் அந்தக் கலங்கலைத் தடவினாள். "இது அவரேதான். இதவிட அவரா வேற படம் இருக்க முடியாது. எம்மக அவங்கப்பனப் பாத்துட்டா."

நோவலீன் கைப்பையை எடுத்தாள். டெல்சியை அடித்தால்கூட அந்தப் பார்வை அளவுக்கு வலித்திருக்காது. "ஆஸ்பத்திரி சம்பளத்துக்கு வித்துட்ட" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்தாள். ரோண்டா போவதா நிற்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

"அந்தப் பாட்டில இப்படிக் குடு" என்றாள் டெல்சி. "நல்லாக் குலுக்கணும். பால் குடுத்ததுக்கு அப்புறம், ரெண்டு கன்னத்துக்குள்ளயும் பாதிப் பாதி. உன் மாருலயும் தடவணும், இல்லன்னா உன்கிட்டேந்து அவனுக்கும் அவன்கிட்டேந்து உனக்கும் போய்க்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கி நாலு தடவ. வெள்ள போயிருச்சுன்னு நிறுத்தாத, அதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் குடு."

"மூணு காலை இல்லையா அத்தை?"

"இல்ல. இது ரொம்ப நாள் ஆகும்."

மாஸ்க் இல்லாததால் ஒரு துண்டை வாயில் கட்டிக்கொண்டு முதல் சொட்டை அவளே விட்டாள். குழந்தை முகத்தைச் சுளித்துப் பாதியைத் துப்பியது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்த மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இனிமே அவங்க வர மாட்டாங்க மேடம். நான் எங்கப்பாவப் பாத்துட்டேன்."

துறைத் தலைவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். "உங்க அப்பா இறந்துட்டார்னு தானே சொன்னீங்க?"

டாக்கெட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.  "எழுதிக்கோங்க" என்றார் பிறகு. "இது திரும்ப நடக்காது. அதுக்கு நான் பொறுப்பு." எப்படி என்று துறைத் தலைவர் கேட்டதற்கு, "அது மலைக்காரங்களுக்குள்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தொண்டையை மறைத்ததற்கு அந்த வாரம் முழுக்கத் தவறியதாகப் போட்டார்கள். செமஸ்டரைப் பறிக்காமல் விட்டதற்கு ஈடாகப் பன்னிரண்டு நாள் கூடுதலாக வார்டில் நிற்க வேண்டும். இன்னொரு சிறு பிசகு வந்தாலும் வெளியே. டெல்சி அந்தப் பன்னிரண்டு நாளும் நின்றாள். ஒவ்வொரு மருந்தையும் மூன்று தடவை கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போனால் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது.

மே மாதம் கல்லூரிக் கூடத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு நெஞ்சில் பின் குத்தும் விழா. வீட்டு ஆள் ஒருவர் வந்து குத்த வேண்டும். ஹோபர்ட் சிலிண்டரை உருட்டிக்கொண்டு மேடைக்கு ஏறினான். நாலு படி. மூன்றாவது படியில் நின்றுவிட்டான், கூடமே காத்திருந்தது. ஒரு கையால் சிலிண்டரைப் பிடித்தபடி குத்தியதில் பின் ஒரு தடவை அவள் தோலில் ஏறியது.

"குத்திருச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னும் குத்தலையா?" என்றான் அவன், மூச்சு வாங்கச் சிரித்தபடி.

ஜூன் முப்பதில் அட்டை நின்றது. மாநிலப் பரீட்சை முடிந்து வேலைக்குக் கூப்பிட்டு புது அட்டை வர ஆறு வாரமாயிற்று. அந்த ஆறு வாரமும் செத்துப்போன ஒரு சுரங்கக்காரனின் விதவை கொடுத்த பழைய சிலிண்டர்களை வைத்து, குமிழைக் குறைத்துக் குறைத்து ஓட்டினார்கள். ஹோபர்ட் உட்கார்ந்தபடியே தூங்கினான். கடைசி சிலிண்டரில் முள் சிவப்புக்குப் போன அன்றைக்குத்தான் தபால் வந்தது.

ரோண்டாவின் பிள்ளைக்குப் பத்து நாளில் வாய் சுத்தமானது. மருந்தால் என்று ரோண்டா சொன்னாள். அந்த ஒத்தக் காலை ஊதலால் என்று நோவலீன் சொன்னாள். அதற்கு மேல் டெல்சியோடு அவள் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் விஷயத்தை அவள்தான் பள்ளத்தாக்கு முழுக்கச் சொன்னாள், அதனால் பிள்ளைகள் வருவது நின்றது.

ஒரு தடவை மட்டும், அந்த அக்டோபரில், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி எட்டாத ஒரு பெண் வந்தாள். வார்டு மேசைக்கு முன்னால் போர்வையோடு நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பன் மொகம் பாக்காதவங்க இங்க வேல செய்றாங்களாமே."

"நான்தான். ஆனா இப்பப் பாத்துட்டேன்" என்றாள் டெல்சி. "புள்ளைய இப்படிக் குடுங்க, டாக்டரக் கூப்பிடுறேன்."

அந்தப் பெண் குழந்தையை உடனே கொடுக்கவில்லை. வெகு தூரம் வந்தவள். ஏமாற்றத்தோடு அவள் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி இருந்தாரு?" என்றாள்.

டெல்சி மாஸ்க்கை மூக்குக்கு மேல் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நிக்காம இருந்தாரு" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.